மேசைமேல் வைக்கவில்லை

ஷேடு அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது என்று முதலில் கிளப்பிவிட்டவர் சூப்பர்வைசர். சொல்கிற வாய்க்கு என்ன, வலிக்கவா போகிறது? பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கான் பல் செய்யும் பட்டறை அது. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகும்படி தூரிகையால் சாயம் தீட்டும் மேசை பதினெட்டு வருஷமாக அவளுடையது. காபி குடித்த பல், சிகரெட் பிடித்த பல், பிறவியிலேயே மஞ்சளான பல் என்று பார்த்ததும் பிரித்துச் சொல்லிவிடுவாள். அதனால்தான் சொந்தப் பெயர் மறைந்து எல்லோருக்கும் ஷேடு அக்கா ஆனாள்.

அப்பேர்ப்பட்டவள் செய்த பற்கள் ஒரே மாதத்தில் ஐந்து திரும்பி வந்தன. ஐந்து சீட்டிலும் ஒரே குறைதான்: பல் ரோஸ் நிறமாக இருக்கிறது. இன்னும் ஒன்று திரும்பினால் மாவு அறைக்குப் போக வேண்டியதுதான் என்றார் சூப்பர்வைசர். அச்சு வார்க்க மாவு கலக்கும் அந்த அறையில் அவளுடைய நாத்தனார் வேலை பார்க்கிறாள். பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மாவு பிசையப் போவதை நினைத்தால் அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

கண் டாக்டரிடம் போய், குறை ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி வந்தாள். சூப்பர்வைசர் அதை மடிப்புக்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கடுப்பில் முறைக்க ஆள் கிடைக்காமல் சுவரை முறைத்தவளுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. முதலாளி வீட்டுக்கு அடித்து மீந்த கிளிப்பச்சைப் பெயிண்ட் போன மாதம் பட்டறைச் சுவருக்கு ஏறியிருந்தது. ஜன்னலை அலமாரி அடைத்துக்கொண்டு நிற்கிறது. இருக்கிற டியூப்லைட் வெளிச்சமும் சுவரில் பட்டுப் பல்லின் மேல் பச்சையாக விழுகிறது. அந்தப் பச்சையை அடக்கக் கை தன்னையறியாமல் சிவப்பைக் கூட்டிவிடுகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் அந்த அறைக்குள் அது தெரியாது.

சொல்லிப் பார்த்தாள். ஆடு மாடு மேயவா சுவரில் பச்சை, அதுபாட்டுக்கு இருக்கிறது என்று சூப்பர்வைசர் சிரித்தார். போன வாரம் முதலாளியின் முன்பல் உடைந்தபோது, புதுப் பல்லை இதே அறையில், இதே மேசையில் உட்கார்ந்து தானே தீட்டியதையும் சொல்லிக்காட்டினார். கண் என்றால் அது கண்ணாம்.

மறுநாள் காலை அவள் மாதிரிப் பற்கள் நான்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விளக்குக் கடைக்குப் போனாள். ஒவ்வொரு எல்.இ.டி. விளக்கையும் எரியவிட்டுப் பல்லைப் பார்ப்பாள். உடனே தெருவுக்கு ஓடி வெயிலில் பார்ப்பாள். பல்லும் கையுமாக வாசலுக்கும் உள்ளுக்கும் அலைகிறவளைப் பார்த்துக் கடைக்காரர் கொஞ்சம் தள்ளியே நின்றார். ஏழாவது விளக்கு தேறியது. வளைகிற கழுத்து, அடியில் ஒரு கிளிப், மூன்று நிற வெளிச்சம். விலை ஒரு ஜோடி செருப்பை விடக் குறைவு. மூன்றில் நடு வெளிச்சம் வெயிலோடு அப்படியே ஒத்துப்போனது.

அதை மேசையோரத்தில் மாட்டிய அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தட்டிக் காட்டினார். மேசைமேல் சொந்தப் பொருள் வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. யாரோ டீயைக் கொட்டிய நாளில் அவரே எழுதி ஒட்டியது.

"மேசைமேல வைக்கல சார். ஓரத்தைக் கவ்விக்கிட்டு இருக்கு."

எழுத்துக்கு எழுத்து அவள் சொன்னது சரி. மறுநாள் இரண்டாவது தாள் வந்தது: மேசையில் எதையும் மாட்டக் கூடாது. அவள் விளக்கைக் கழற்றித் தன் ஏப்ரன் பட்டையில் மாட்டிக்கொண்டாள். முகவாய்க்குக் கீழே விளக்கு எரிய அவள் நடந்ததைப் பார்த்து மாவு அறையே வெளியே வந்து சிரித்தது.

நாத்தனாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "விட்டுடுங்க அண்ணி. எங்ககூட வந்து உக்காருங்க, மாவு என்ன கடிச்சா தின்னுடும்?" என்றாள்.

மாவு கடிக்காது, ஆனால் கண் போனவள் என்ற பேரோடு அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இவள் தூரிகையை எடுத்தாள். அந்த வெளிச்சத்தில் செய்த பதினோரு பற்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதைச் சூப்பர்வைசர் கண்டுகொள்ளவே இல்லை. அவருக்கு இப்போது விளக்குதான் பிரச்சினை.

வெள்ளிக்கிழமை முதலாளியையே அழைத்து வந்துவிட்டார். முதலாளி நல்லவிதமாகத்தான் பேசினார். விளக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து மாவு அறை என்றார். பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். பிறகு விளக்கைக் கழற்றினாள். சூப்பர்வைசர் கையை நீட்டினார்.

அவள் அதை அவர் கையில் கொடுக்கவில்லை. நடு வெளிச்சத்தை அழுத்தி, முதலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இன்னொரு கையில் கண்ணாடி.

"கொஞ்சம் பல்லைக் காட்டுங்க சார்."

முதலாளி என்ன நினைத்தாரோ, காட்டினார். முன்வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் ரோஸ் நிறத்தில் பளிச்சென்று நின்றது. எல்லோருடைய கண் முன்னாலும் சூப்பர்வைசரின் திறமை பல்லிளித்தது. நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார்.

"ஒரு வாரமா வீட்டுல ஒருத்தரும் சொல்லலையே" என்றார் முதலாளி, கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"உங்க வீட்டுச் சுவரும் இதே பச்சைதானே சார்."

முதலாளி சுவரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். உதட்டைப் பிரிக்காமலே, வேறு பல் எப்போது கிடைக்கும் என்று அவளிடம் கேட்டார்.

"மேசையில விளக்கு இருந்தா புதன்கிழமை."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. இரண்டு தாள்களுக்கும் நேர் கீழே, மேசையோரத்தில் விளக்கை மாட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.