இரண்டாம் எண்

காலை ஐந்தரைக்கு என் போன் ஒரு தடவை அடித்து நிற்கும். திரையில் 'அண்ணன் மோட்டார்' என்று வரும். எடுக்க வேண்டியதில்லை; எடுத்தாலும் மறுமுனையில் ஆள் கிடையாது, இருப்பது ஒரு தகரப் பெட்டி. அண்ணன் எழுந்துவிட்டார், மோட்டாரைப் போட்டுவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அதன் பிறகுதான் நான் பல் துலக்கப் போவேன்.

அந்தப் பெட்டியைச் செய்தவன் நான். பெயர் பஞ்சநதம். ஒரத்தநாட்டில் 'மடை கன்ட்ரோல்ஸ்' என்று சின்னதாக ஒரு கம்பெனி. வயலுக்கு நடக்காமல் வீட்டிலிருந்தே போன் செய்து பம்புசெட் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்ட்டர் செய்கிறேன். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பெட்டி சொந்தக்காரருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். பிறகு இரண்டாவதாக இன்னொரு எண்ணுக்கும் கொடுக்கும். அது வீட்டில் மகன், மருமகன் என்று யாருக்காவது இருக்கட்டும் என்று வைத்தது. சோதித்துப் பார்ப்பதற்காக அதில் என் எண்ணைப் போட்டேன். பிறகு எடுக்க மனசு வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்படித் திருத்துறைப்பூண்டியிலிருந்து அதிராம்பட்டினம் வரை நானூறு சொச்சம் மோட்டார்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஐம்பது தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன், பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் படுத்துக்கொள்கிறவன். எனக்கு இது பேச்சுத்துணை. ரெத்தினம் மோட்டார் நடவு நேரத்தில் நாலு நாள் கூப்பிடவில்லையென்றால் உள்ளே காயில் கம்பி எரிந்திருக்கும்; அவர் சொல்லுமுன்பே ஸ்பேனரோடு போய் நிற்பேன். சுஹைப் பாயின் தென்னந்தோப்பு மோட்டார் வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்த பிறகுதான் வாயைத் திறக்கும். மனிதர்கள் என்னைக் கூப்பிட்டதைவிட மோட்டார்கள் கூப்பிட்டதே அதிகம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அண்ணன் இராஜாங்கம் என்னோடு பேசி எட்டு வருஷம் ஆகிறது. பாகம் பிரித்ததில் எனக்கு வந்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுத்தான் கம்பெனி ஆரம்பித்தேன். அவருக்கு அது பொறுக்கவில்லை. நல்லது கெட்டதில்கூட முகம் பார்ப்பது நின்றுபோனது. ஆனால் நான் செய்த முதல் பெட்டி அதற்கு முன்பே அவருடைய மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்தது; என் எண்ணை அவர் எதிரிலேயே அதில் போட்டிருந்தேன். கோபத்தில் அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு அது என்னைக் கூப்பிட்டது. அன்றிலிருந்து மழையோ வெயிலோ ஒரு நாள் தவறியதில்லை.

போன வருஷம் புனேயில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்று என்மேல் வழக்குப் போட்டது. மோட்டார் ஓடியதும் இரண்டாவது ஆளுக்குத் தானாகத் தகவல் போவது அவர்கள் காப்புரிமை வாங்கிய கண்டுபிடிப்பாம். பஸ் ஏறினால் ஒன்று, இறங்கினால் இரண்டு என்று ஊரே மிஸ்டு கால் கொடுத்து வாழ்ந்த ஊர் இது. அதைப் போய்ப் புனேயில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். என்ன செய்வது, எனக்கு முந்தியே எழுதிப் பதிந்தும் வைத்திருக்கிறார்கள். அது போதாதென்று அரசாங்கத்திலிருந்து தனியாக ஒரு நோட்டீஸ்: சொந்தக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுக்காத எண்ணுக்கு உங்கள் கருவி எப்படித் தகவல் அனுப்பலாம்? விஷயம் வெளியே தெரிந்ததும் டீலர்கள் நழுவினார்கள். வேலை பார்த்த மூன்று பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சால்டரிங் மேஜைக்கு முன்னால் நான் மட்டும் மிச்சம்.

என் வக்கீல் வானதி சென்னையிலிருந்து போன் செய்தார்.

"சார், அவங்க சமாதானத்துக்கு வர்றாங்க. ஸ்டார்ட்டர் மேல அவங்களுக்கு ஒன்னும் இல்ல. அந்த ரெண்டாவது நம்பரை மட்டும் எல்லாப் பெட்டிலேர்ந்தும் எடுத்துடணும். எடுத்தாச்சுன்னு ஓனர்ங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டோம்னா அந்த நோட்டீஸுக்கும் பதில் சொல்லிடலாம்."

"எடுக்கலன்னா?"

"கேஸ் நடக்கும். தோத்தா பெட்டியையே கழட்டணும் சார். நானூறு பேரும் பழையபடி இருட்டுல வயலுக்கு நடக்கணும். கம்பெனியும் இருக்காது."

கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஒன்னே ஒன்ன மட்டும் விட்டு வைக்கலாமாம்மா?"

"யாரோடது?"

"எங்க அண்ணனோடது."

"கோர்ட்டுல உறுதிமொழி கொடுத்துட்டு ஒன்ன விட்டாலும் தப்பு சார். அண்ணன்கிட்ட நீங்களே போன்ல பேசுங்களேன். அதுக்கு யாரும் காப்புரிமை வாங்கி வைக்கல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மெசேஜ். 'இரண்டாம் எண் நீக்கப்பட்டது' என்று பெட்டி எனக்குப் பதில் அனுப்பும், சொந்தக்காரருக்கும் அனுப்பும். ரெத்தினம் போனார், சுஹைப் பாய் போனார், ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் கடைசியாக அண்ணன் மட்டும் இருந்தார். டீக்கடைக்குப் போய் வந்தேன். மேஜையைத் துடைத்தேன். பிறகு அதையும் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் அழுகை வந்தது. பட்டறையில் யாரும் இல்லாததால் அடக்கிக்கொள்ளவில்லை.

விடிந்தபோது போன் சும்மா கிடந்தது. ஐந்தரை தாண்டி, ஆறு தாண்டி, வெயிலும் வந்துவிட்டது. அண்ணன் மோட்டாரைப் போட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாத முதல் காலை அது. கையெழுத்து வாங்க வேண்டும் என்ற சாக்கை வைத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன்.

கதவைத் திறந்த அண்ணி பிரகதாம்பாள் ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டு, "வாங்க தம்பி" என்றார். அண்ணன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். தாளை நீட்டினேன்.

"கேஸுக்கு வேணும். பெட்டிலேர்ந்து என் நம்பரை எடுத்துட்டேன்னு."

"நேத்தே மெசேஜ் வந்துச்சு" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வாசல் கேட் வரைக்கும் அண்ணி கூட வந்தார். எதிரே அண்ணன் பங்கு வயல் பச்சையாகக் கிடந்தது.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார்.

"நம்பரைத்தானே அண்ணி எடுத்தேன். மோட்டார் எப்பவும் போல ஓடும். தண்ணி பாய்ச்சலாம்."

"எதுக்குத் தண்ணி? தாளடி நெல்லு அறுத்து உளுந்து தெளிச்சிருக்கு. உளுந்துக்கு யாராவது மோட்டார் போடுவாங்களா?" அவர் குரல் தணிந்தது. "எந்திரிச்சதும் போனை எடுத்து மோட்டாரைப் போடுவாங்க. ரெண்டு நிமிஷத்துல நிறுத்திடுவாங்க. 'அவனுக்குப் போயிருக்கும்'னு சொல்லிட்டுத்தான் காபியைத் தொடுவாங்க. இன்னைக்குப் போனையும் எடுக்கல, காபியும் குடிக்கல."

உளுந்துக்குப் பனி ஈரமே போதும் என்பது எனக்குத் தெரியாததா? ஐப்பசி அடைமழையில் வயல் முழுகிக் கிடந்தபோதும் அந்த மோட்டார் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. மழையில் எவன் தண்ணீர் இறைப்பான் என்று ஒரு நாள் நான் யோசித்ததில்லை. நிலத்தை விற்ற கையோடு பயிர்ப் பட்டத்தையும் மறந்துபோயிருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பி உள்ளே போனேன்.

"அண்ணே, கோர்ட்டுல எடுக்கச் சொன்னாங்க. நானா எடுக்கல."

"ம்."

"நாளைக்குக் காலைல நானே போன் பண்றேன்."

அண்ணன் நிமிர்ந்தார். எட்டு வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

"பண்ணி என்னடா பேசுறது?" என்றார்.

குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார். நானும் அவர் எதிரில் நின்று யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.