முக்கால் அக்காவின் முழுப் பேச்சு

தெருமுனை இஸ்திரிக் கடைக்காரிக்கு 'முக்கால்' என்று பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். எந்தப் பேச்சையும் அவள் முக்காலுக்கு மேல் சொன்னதில்லை. மீதியைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்வாள். நாமும் காது கொடுத்தவர்கள்தான், பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு ஒரு நிற நூல். துணி வந்ததும் பொத்தானில் அதைக் கட்டிவிடுவாள். மாடியில் தனியாகக் குடியிருக்கும் இங்கிலீஷ் டீச்சருக்குச் சிவப்பு. எதிர்வரிசை மருந்துக்கடைக்காரருக்கு அரக்கு.

அன்று டீச்சரின் துணிகளுக்கு நடுவே கட்டம் போட்ட ஆம்பிளைச் சட்டை ஒன்று. பொத்தானில் சிவப்பு நூல். நேரம் பார்த்து வந்து நின்றாள், கீழே குடியிருந்துகொண்டு மாடியை டீச்சருக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ஓனரம்மா.

"யாரோடதுடி இந்தச் சட்டை?"

"மாடி டீச்சரம்மா மூட்டையிலதான் இருந்துச்சு. அவங்க தனியாத்தானே இருக்காங்க... சரி விடுங்க, காலம் அப்படி. நான் ஒண்ணும் சொல்லலம்மா."

ஓனரம்மா போன வேகத்தில் ஒரு செருப்பு கழன்று பின்தங்கிவிட்டது.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் வந்தார். "அக்கா, என் கட்டம் போட்ட சட்டை எங்க? நீங்களே போட்டுக்கிட்டீங்களா?"

முக்கால் சட்டையை வெயிலுக்குக் கொண்டுவந்தாள். அரக்கு நூல்! கடைக்குள் இருக்கும் அழுக்கு பல்பு வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. ஓனரம்மாவிடம் போய்ச் சொன்னால் தொழில் தெரியாதவள் என்பார்களே என்று சட்டையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடிய ஒரே தடவை. அதுவும் தப்பான நேரத்தில்.

வாரக் கடைசியில் டீச்சர் வெறுங்கையோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆம்பிளை வந்து போற வீடாம். என்னக்கா சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா, சத்தியமா!"

"தெரியும். நீங்க சொன்னதை ஓனரம்மா அப்படியே சொன்னாங்க. அதுல ஒரு வார்த்தைகூடக் கெட்ட வார்த்தை இல்ல. இதுக்கு இங்கிலீஷ்ல இன்யூவெண்டோன்னு பேரு. நம்ம வாயால சொல்லாம, கெட்டதை அடுத்தவங்களையே நினைக்க வைக்கிறது. பசங்களுக்கு உதாரணம் சொல்லத் திணறுவேன். இனிமே திணற மாட்டேன்."

டீச்சர் போய்விட்டாள். விரிப்பு கருகி வாடை வந்த பிறகுதான் முக்கால் பெட்டியை நிமிர்த்தினாள். முகமும் காதும் அதைவிடக் கொதித்தன. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓனரம்மா வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, அந்தச் சட்டை மருந்துக்கடைக்காரரோடது. நூல் நிறத்தை நான்தான் தப்பாப் பார்த்தேன். டீச்சரம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

பிறந்ததிலிருந்து அவள் முழுசாகச் சொன்ன முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஓனரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மருந்துக்கடைக்காரரா! பொண்டாட்டி புள்ளை உள்ளவராச்சே..."

"ஐயோ, அப்படி இல்லம்மா! ரெண்டு வீட்டுத் துணியையும் நான்தான் கலந்துட்டேன்!"

"நீ எதுக்குடி இப்படிப் பதறுறே? யாரு வந்து சொல்லச் சொன்னாங்களோ... சரி விடு. நான் ஒண்ணும் சொல்லல."

மேலே மாடியில் டீச்சர் பீரோவை இழுக்கும் சத்தம் கேட்டது. முக்கால் தலையைத் தூக்காமலே வாசல்படி இறங்கினாள்.