செருமலுக்கு உரிமம்

கீழப்புளியடியில் வீடுகளுக்குப் பூட்டு கிடையாது. வீட்டுக்காரர் வாசலில் நின்று செருமினால் போதும். கதவு காது கொடுத்துக் கேட்டு, நம்ம ஆள்தான் என்று திறந்துவிடும்.

கதவுகளுக்கு அதைப் பழக்கிவிட்டவள் தச்சு வேலை செய்யும் சந்தனமாரி. யார் கேட்டாலும் சும்மாவே சொல்லிக்கொடுப்பாள். ஒரே கண்டிஷன், கற்றுக்கொண்டவர் அடுத்தவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்படியே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அப்புறம் பட்டணத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து தபால் வந்தது. செருமி அடையாளம் காட்டும் முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கியிருந்தார்களாம். தபால் மரியாதையாகத்தான் இருந்தது. பைசா வேண்டாம், தாராளமாகச் செருமுங்கள்; ஆனால் ஆளாளுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டு உரிமம் வாங்க வேண்டும், ஒருவர் வாங்கியது இன்னொருவருக்குச் செல்லாது என்றிருந்தது. கதவுகள் தபாலைப் படித்துவிட்டு அன்றைக்கே அதன்படி நடக்க ஆரம்பித்தன. ஊரும் பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தது.

சந்தனமாரியின் தங்கை கனகு, ஐந்து நாள் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அவள் செருமியதும் கதவு திறந்தது. பிள்ளையோடு காலெடுத்து வைத்ததும் மூடிக்கொண்டது. பிள்ளை இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

"நீ உள்ள போய்ப் படுடி, பிள்ளைய நான் வச்சிக்கிடுதேன்" என்றாள் சந்தனமாரி.

"பால் குடிக்கிற பிள்ளைய வெயில்ல விட்டுட்டு நான் போய் என்னத்தக்கா படுக்க?" என்று கனகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சந்தனமாரி கம்பெனிக்குப் போனாள். மேலாளர் ஞானசிகாமணி கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார். எட்டு மாதமாக அங்கேதான். எல்லாருக்கும் உரிமம் கொடுப்பவர் அவர். தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை; கம்பெனிக் கதவும் அவர் செருமலுக்குத் திறக்கவில்லை.

காப்புரிமை உங்களிடமே இருக்கட்டும், உரிமம் மட்டும் கைமாறும் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டாள் சந்தனமாரி.

ஞானசிகாமணி பேனாவை மூடி மூடித் திறந்தார். "எல்லாருக்கும் போயிட்டா அப்புறம் எங்ககிட்ட என்னம்மா இருக்கும்?"

"உள்ள போய்ப் பாருங்க சார். என்ன இருக்குன்னு தெரியும்."

அவர் மூடிக்கிடந்த கம்பெனிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுதினார்: செருமுகிறவருக்கும், அவர் யாருக்குக் கொடுக்கிறாரோ அவருக்கும், அதற்கப்புறம் வருகிறவருக்கும் உரிமம் உண்டு, திரும்ப வாங்குவதற்கில்லை. முத்திரை குத்தியதும் சந்தனமாரி தன் உரிமத்தை அவருக்கும் கொடுத்தாள். அவர் எழுந்துபோய்ச் செருமினார், கதவு திறந்தது. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

சந்தனமாரி ஊருக்கு வந்து காகிதத்தைக் கதவுக்கு வாசித்துக் காட்டினாள். பிள்ளை பால் புரையேறி, இத்துனூண்டு செருமல் ஒன்று செருமியது. கதவு அகலத் திறந்தது. கனகு பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் காலை நீட்டினாள்.

உரிமம் கைமாறிக் கைமாறி, ஊருக்குத் தண்ணீர் தரும் கம்மாய் வரைக்கும் போனது. மறுநாள் மத்தியானம் அந்தக் கம்மாயே கனகு வீட்டு வாசலில் வந்து நின்று மெல்லச் செருமியது. கதவு திறந்தது. கனகு தொட்டிலைத் தள்ளிப் போட்டு இடம் விட்டாள். பிள்ளை பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாதென்று கம்மாய் இரண்டு கெண்டை மீன் கொண்டுவந்திருந்தது.