இறங்காத ஏரியல்

1

ஒரு பழைய காரின் மட்கார்டில் பார்த்த வெள்ளைப் பீங்கான் வளையத்திலிருந்து கிளம்பியது இந்தக் கதை. ரேடியோ ஏரியலின் அடியில் உட்கார்ந்திருந்தது. காரில் பீங்கானுக்கு என்ன வேலை என்று விருத்தாசலத்தில் யாரிடமும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், கதை போய்விடும்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: "செராமிக் கம்பெனிப் புகைபோக்கிகளுக்கு மேலே வானம்..."

வேண்டாம். வானம் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

2

வருடம் 1973. மெக்கானிக் பூவராகவனின் ஷெட்டில் பிரசவ டாக்டர் சொர்ணாம்பாளின் வெளிநாட்டுக் கார் நிற்கிறது. ரேடியோவைத் திருகினால் அதன் ஏரியல் மோட்டாரில் விர்ரென்று தானே ஏறும், அணைத்தால் இறங்கும். இப்போது ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. மோட்டார் புகைந்துவிட்டது. புது மோட்டார் மெட்ராஸிலும் இல்லை.

"ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம் பூவராகவா. சும்மா நிக்கிற கம்பியா ஒண்ணு போட்டுடு. பாட்டு கேட்டாப் போதும்" என்றார் டாக்டர்.

சும்மா நிற்கிற கம்பி கடலூரில் கிடைத்தது. ஆனால் பழைய ஏரியலைக் கழற்றிய ஓட்டை பெரிது, கம்பியோ ஒல்லி. கம்பி தகரத்தைத் தொட்டால் பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் வரும். நடுவில் ஒரு பீங்கான் வளையம் தேவை. (கார் தெரிந்தவர்கள், ரப்பர் போதுமே என்பீர்கள். ரப்பர் வைத்தால் கமலம் கதைக்குள் வரமாட்டாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

கமலம் அவன் மனைவி. செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவளை அச்சு வார்க்கும் வேலைக்கு உயர்த்தினார்கள். அன்று சாயங்காலம் அல்வா வாங்கிக்கொண்டு ஓட்டமாக வந்து சொன்னாள். பூவராகவன் சிரித்தான்.

"களிமண்ணு பெசையறதுல இன்னா பெரிய பதவி?"

அல்வா அப்படியே பக்கத்து வீட்டு வீரம்மாளுக்குப் போயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. சோறு உண்டு. "சோறு ஆறுது" என்று கமலம் அடுப்பிடம் அறிவிப்பாள், இவன் வந்து சாப்பிடுவான்.

[யார் முதலில் இறங்கி வருவது என்பதையும் ஏரியலையும் சேர்த்து இங்கே ஒரு சிலேடை போட்டிருந்தேன். வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். தலைப்பில் மட்டும் தப்பித்துவிட்டது.]

4

களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். இந்த ஊரில் இது தெரியாதவர் கிடையாது.* எனவே பூவராகவன், ஓட்டையை அளந்து, சுருங்குவதற்கும் சேர்த்துத் தாளில் எழுதி, கமலத்தோடு வேலை செய்யும் வீரம்மாளிடம் கொடுத்தனுப்பினான். தாளைப் பார்த்த கமலம், சுருங்குவதற்குத் தன் பங்கையும் சேர்த்தாள். வாய் திறந்திருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

பேச்சு நின்ற பதினோராம் நாள் வீரம்மாள் வளையத்தோடு வந்தாள்.

"இந்தாண்ணே. ஒம் பொண்டாட்டி குடுத்துச்சி."

"வேற எதுனா சொன்னாளா?"

"நான் இன்னா போஸ்ட்டு ஆபீஸா? வூட்டுக்குப் போயி நீயே கேளு."

வழவழவென்று, ஒரு பிசிறு இல்லாத வளையம். கமலத்துக்கு இத்தனை நேர்த்தி வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. ஓட்டையில் வைத்து அழுத்தினான். நுழையவில்லை. அளந்து பார்த்ததும் இரண்டு பேரும் சேர்த்தது புரிந்துபோயிற்று.

(* எனக்குத் தெரியாது. இதை எழுதுவதற்காகத்தான் தெரிந்துகொண்டேன்.)

5

நாளைக் காலை டாக்டர் திட்டக்குடி போக வண்டி கேட்பார்.

முடிவு ஒன்று: அரத்தை எடுத்து ஓட்டையை ராவிப் பெரிதாக்குகிறான். டாக்டர் கார் காயப்படும். வீட்டில் பன்னிரண்டாம் நாளும் அடுப்போடுதான் பேச்சு.

முடிவு இரண்டு: வீட்டுக்குப் போய், "நான் அன்னிக்கு சொன்னது தப்பு கமலம்..." இந்த வரியில் அவன் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். "உங்க வூட்ல நீங்க இப்பிடி சொல்லியிருக்கீங்களா சார்?" என்கிறான். நான் பேனாவுக்கு மை போடுவதுபோல் எழுந்துவிட்டேன்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கமலம் சுட்டது இரண்டு வளையம். ஒன்று அவன் தாளில் இருந்த அளவுக்கு. 'இந்த மனுசன் முந்திரிக்கொட்டையாட்டம் முன்னாடியே சேத்திருந்தா?' என்று யோசித்து, தன் பங்கைச் சேர்க்காமல் செய்தது மற்றது. அந்தச் சரியான வளையம் அவள் டிபன் பாக்ஸில், துணியில் சுற்றியபடி இருக்கிறது. வந்து கேட்டால் கொடுத்துவிடுவாள். கேட்காமல் கொடுக்கமாட்டாள்.

எழுதுகிறவன் நடுவில் புகுந்து இதை அவனிடம் சொல்வது முறையில்லை. படிக்கிறவர்களுக்கு அப்படி எந்த முறையும் கிடையாது. அரத்தைத் தகரத்தில் வைத்துவிட்டான். சீக்கிரம் அவனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.