சிக்னேயின் மூச்சு

ஒட்டிலியா எழுதிய பெரிய இசையைக் கால்மார் நகரம் கேட்டது ஒரே ஒரு முறைதான். அன்றைக்கும் அது அவள் எழுதியபடி ஒலிக்கவில்லை.

அவள் மருந்துக்கடைக்காரர் யால்மரின் மனைவி. மகள் சிக்னே நான்கு வயதில் தொண்டை அடைப்பான் கண்டு இறந்துபோனாள். கடை நிறைய மருந்து இருந்தும் நோய் எதற்கும் கேட்கவில்லை. அதன்பின் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, பாடகர் குழுவுக்கும் தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்துக்குமாக ஒட்டிலியா ஒரு வழிபாட்டு இசையை எழுதினாள். அதன் நடுப்பகுதியில் பெண்குரல்கள் இழுத்து, நின்று, மறுபடி எடுக்கும். கடைசி நாளில் மகள் மூச்சு வாங்கியது அப்படித்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கோயில் பாடகர் குழுவின் தலைவர் லுண்ட்மார்க் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. புனிதர் திருநாளுக்குப் பாடிடலாம்."

"குழுவுக்கு முன்னால நின்னு நானே நடத்துறேன் ஐயா. அதோட வேகம் எனக்குத்தான் தெரியும்."

அவர் சிரித்தார். "நீங்க குச்சியத் தூக்கிட்டு நின்னா குழுவுல பாடுற இந்தத் துறைமுகத்துப் பசங்க பாட்டையா பாப்பானுங்க? உங்க தொப்பியத்தான் பாப்பானுங்க. முன்வரிசையில உக்காந்து கேளுங்க."

எப்படியாவது அதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் அவள் சரி என்றாள்.

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. தொடக்கம் நன்றாகவே போனது. நடுப்பகுதி வந்ததும் லுண்ட்மார்க் எங்கும் நிற்கவில்லை. நடுவில் நிறுத்தினால் கூட்டம் இருமத் தொடங்கிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். ஒட்டிலியா இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் பலர் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வந்ததும் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

யால்மருக்கு இசை ஞானம் கிடையாது. வீட்டுக்கு நடக்கும்போது அவர்தான் முதலில் பேசினார்.

"எனக்கென்னவோ பிடிக்கல, ஒட்டிலியா."

"ஏன்? எல்லாரும் அழுதாங்களே."

"நீ வீட்டுல பியானோவுல வாசிக்கிறப்ப நடுவுல நின்னு நின்னு போவியே. நம்ம புள்ளைக்கு மூச்சு அப்படித்தான வந்துச்சு. அந்த மனுஷன் அவள ஓட வெச்சுட்டாரு."

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். அந்த மூச்சைத் தான் மட்டுமே கேட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். சிக்னேயை அடக்கம் செய்த பிறகு அவர் முன்னால் அவள் அழுதது அன்றுதான்.

ஈஸ்டருக்கு மறுபடி பாடலாம் என்று லுண்ட்மார்க் வந்தார். எழுதியபடி நிறுத்தங்களோடு பாடச் சம்மதமா என்று அவள் கேட்டாள்.

"ஊரே புகழுது, உங்களுக்கு மட்டும் குறையா? அவ்வளவு நேரம் சும்மா நின்னா, பாடுறவங்களுக்குப் பாட்டு மறந்துபோச்சுன்னு நெனப்பாங்க."

"நெனச்சுட்டுப் போகட்டும்."

"அப்ப நம்மால ஆகாதும்மா."

அவள் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் மனைவிக்குத் தலைக்கனம் என்று ஊர் பேசியது. பின்னாளில் அவளுடைய சின்னப் பாட்டுகள் சில ஸ்டாக்ஹோமில் அச்சாயின. பெரிய இசையைப் பாட யாரும் முன்வரவில்லை.

ஞாயிறு மதியங்களில் யால்மர் கேட்டால் மட்டும் நடுப்பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுவாள். அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த ஆண்டு, பியானோவை விற்றுவிட்டு ஓலாண்டுத் தீவிலிருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தாள். தானும் இசை எழுதியவள் என்று அந்தத் தீவில் யாரிடமும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை.