நம்மாளின் கடைசி ரீல்

கத்திரியை எடுத்தபோது நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன். சனிக்கிழமை வந்திறங்கிய இங்கிலீஷ் படத்தை ஓட்டிப் பார்த்தேன். கடைசி ரீலில் நம்மாள் மார்பில் குண்டு வாங்கிச் சாகிறான். அந்த ஒரு நிமிடப் படத்தை வெட்டியெடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் ஒட்டிவிட்டேன். படப்பெட்டி திரும்பிப் போவதற்குள் மறுபடி சேர்த்துவிடலாம். பதினான்கு வருட தியேட்டர் ஆபரேட்டர் உத்தியோகத்தில் ஒரு படத்தையும் என் இஷ்டத்துக்கு வெட்டியவனில்லை நான்.

நம்மாள் மெக்சிகோக்காரன். கௌபாய் படங்களில் வருவான். பேர் எங்கள் வாயில் நுழையாது. மாநிறம், அடர்ந்த மீசை, கனத்த தோள். ஐந்து வருடத்துக்கு முன்பு ஞாயிறு காலைக் காட்சியில் அவனைப் பார்த்துவிட்டு, "பாய், அது நான்தான்பா" என்றான் என்னிடம் தணிகாசலம். நிஜமாகவே அவன் ஜாடைதான். அந்தப் படத்தில் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போதே சுட்டுவிட்டார்கள். அடுத்ததில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் செத்தான். அதற்கடுத்ததில் சொந்தக் குதிரை இருந்தது, இடைவேளை வரை உயிரும் இருந்தது. சினிமாவுக்கு வருமுன் அவர்கள் ஊரில் மேடையேறிப் பாடியவனாம். மேனேஜர் ஏதோ பத்திரிகையில் படித்துச் சொன்னார். அன்றிலிருந்து தணிகாசலம் ஒரு படம் விடுவதில்லை.

தணிகாசலம் பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறவன். சித்திரையில் பாரதக் கூத்து வந்தால் துச்சாதனன். பதினொரு வருடமாகத் துச்சாதனன்தான். சேலையைப் பிடித்து இழுக்க வேண்டியது, பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவதை வாங்கிக்கொள்ள வேண்டியது, பீமன் கையால் சாக வேண்டியது. அவன் செத்ததும் ஜனம் கைதட்டும். கர்ணன் வேஷத்துப் பாட்டெல்லாம் அவனுக்குத் தறியில் உட்கார்ந்தே மனப்பாடம். ஆறு தெருவுக்குக் கேட்கும் குரல், கூத்து வாத்தியார் வேலாயுதத்திடம் அந்த வேஷத்தைக் கேட்கப் போனால் மட்டும் அடைத்துக்கொள்ளும்.

"வர்ற படத்துல நம்மாளுக்கு நல்ல காலம் வந்துச்சின்னா, நானும் வாத்தியாரைக் கேட்டுடறேன் பாய்" என்று போன வாரம் சொன்னான். அதனால்தான் கத்திரி.

ஞாயிறு காட்சி முடிந்து கூட்டம் கலைந்தது. படியேறி கேபினுக்கு வந்தவன் முகத்தில் களையே இல்லை.

"இன்னாபா, நம்மாளு பொழச்சிக்கினானே" என்றேன்.

"எங்க பொழச்சான்? குதிர மேல போய்க்கினே இருந்தான். அப்பால ஆளையே காணோம். ஒருத்தனும் தேடல."

"உசிரோட இருக்கான் இல்ல?"

"இருந்து? கர்ணனுந்தான் சாவறான் பாய். ஆனா அவனுக்கு சனம் அழுவுது. எனக்குன்னு ஒரு வாட்டி யாராச்சும் அழுவணும்பா. அத்தத்தான் கேக்கறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "உடு. இந்த வருசமும் துச்சாதனந்தான்."

நான் வெட்டிய துண்டில் கதாநாயகன் ஓடிவந்து, நம்மாள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுகிறான். குண்டு பட்டதை மட்டும் பார்த்த முட்டாள் நான்.

"தணிகாசலம், போவாத. கீழ போய் உக்காரு."

டப்பாவிலிருந்த துண்டை எடுத்து, ஓட்டுவதற்கு வாகாகப் பழைய பிலிமோடு ஒட்டினேன். அவசரத்தில் ஒருமுறை பிய்ந்துபோக, மறுபடி ஒட்டினேன். மெஷினின் கார்பன் விளக்கைப் பற்றவைத்து ஓடவிட்டு, கேபின் சுவரின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். கதவுகள் திறந்து கிடந்ததால் திரையில் படம் வெளிறித் தெரிந்தது. குண்டு பட்டது. நம்மாள் சரிந்தான்.

பெஞ்சுகளுக்கு நடுவே கடலைத் தோல் பெருக்கிக்கொண்டிருந்த செல்லியம்மாள் நிமிர்ந்தாள். படத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது அவளுக்கு. துடைப்பம் கையிலேயே நின்றது.

"யாரு பெத்த புள்ளயோ" என்று முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

மூன்றாவது வரிசையில் இருந்த தணிகாசலம் திரையைப் பார்க்கவில்லை. உடம்பு முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.