இரண்டாவது கிண்ணம்

என் தம்பி யூசோங் பிறந்த ஊருக்கே முதுகுப்பையோடு சுற்றிப் பார்க்க வந்தான். தெற்கு வாசலருகே ஹாஸ்டலில் தங்கினான். சீட்டு வாங்கிக்கொண்டு ஷியான் நகர மதில்மேல் ஏறினான், முரசுக் கோபுரத்தைப் பார்த்தான். இரண்டு சந்து தள்ளி இருந்த சொந்த வீட்டுக்கு மட்டும் அவனுக்கு அனுமதி இல்லை. எங்கள் இஸ்லாம் மதத்தில் சேராத பெண்ணைக் கட்டினான் என்று அப்பா, "அவளோட இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது.

மத்தியானக் கூட்டத்தில் எங்கள் சூப்புக் கடைக்கு அவனும் மனைவி யுன்ஷூவும் வந்தார்கள். தொப்பி, முகமூடி. நடையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கத்தாதே அக்கா. அப்பா கையால இவ ஒரு கிண்ணம் ஆட்டுச்சூப்பு சாப்பிடட்டும். யாரோ எவரோன்னு சாப்பிட்டுப் போயிடறோம்."

"திருட்டுப்பயலே, பயமா இருக்கா?"

"இருக்கு."

யுன்ஷூ எழுந்து நின்று கும்பிடாத குறையாகச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது, அதுதான் எரிச்சல்.

எங்கள் கடையில் சாப்பிட வருகிறவர்களே ரொட்டியைப் பயறளவுக்குக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டுத் தரவேண்டும். பிறகுதான் சூப்பில் கொதிக்க அடுப்புக்குப் போகும். பெரிதாகக் கிள்ளினால் அப்பா திருப்பி அனுப்பிவிடுவார், மேயரே வந்தாலும். யுன்ஷூவின் கிண்ணம் திரும்பி வந்தது.

"கல்லு கல்லா இருக்கு. மறுபடி கிள்ளச் சொல்லு!"

பாவம், மதில்மேல் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்து அவள் விரலெல்லாம் கொப்புளம். தம்பி கிண்ணத்தை வாங்கித் தானே கிள்ளினான். மேல்தோலை ஓரமாகவும் உள்சதையை நடுவிலும் பிரித்து வைத்தான். அது எங்கள் அம்மா கற்றுக்கொடுத்த வழக்கம், வேறெந்த வீட்டிலும் கிடையாது. அதைப் பார்த்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்பது அவனுக்கும் மறந்துபோயிருந்தது, எனக்கும் உறைக்கவில்லை. முட்டாள் ஜென்மங்கள்.

இரண்டு கிண்ணங்களையும் அப்பா முன்னால் வைத்தேன். கரண்டி நின்றது. ஒரே கை கிள்ளிய இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் கிண்ணத்தை எடுத்தார். சூப்பு கொதித்தது, கண்ணாடி நூடுல்ஸ் விழுந்தது, கறி இரண்டு மடங்கு விழுந்தது. சமாதானம் ஆகிவிட்டார் என்றே நம்பினேன்.

இரண்டாவது கிண்ணத்தை அப்படியே தள்ளினார்.

"இதுக்கு அடுப்பு இல்ல."

"அப்பா, வாடிக்கைக்காரங்கப்பா."

"யாருன்னு எனக்குத் தெரியும். கொண்டு போ."

நாள் முழுக்க வேற்று மதத்தாருக்குச் சமைத்துத்தான் எங்கள் வயிறு நிறைகிறது. மருமகளுக்கு மட்டும் ஒரு கரண்டி சூப்பு கிடையாதாம்.

கொண்டுபோய் வைத்தேன். ஒன்றில் ஆவி பறந்தது, மற்றதில் காய்ந்த ரொட்டி. யுன்ஷூ காய்ந்த ரொட்டியில் ஒரு துணுக்கை எடுத்து மென்றாள். "நல்லா இருக்கு அக்கா" என்றாள். தம்பி கரண்டியைத் தொடவே இல்லை. பைகளை மாட்டிக்கொண்டார்கள். தெருக்கோடியில் வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் போன சுற்றுலாக் கும்பலில் கலந்து மறைந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சாப்பிட்டானா?"

ஆறி, கொழுப்பு உறைந்து வெள்ளையாகிக் கிடந்த கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினேன்.

"நீங்க சாப்பிடுங்க. உங்களுக்குத்தான் சமைச்சீங்க."